பின்சில்லுக்குப் பாரம்

மழைக்காலத்தில் என் தம்பி என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு திரிந்தது அக்கா என்ற பாசத்தில் அல்ல. காரின் பின்சில்லுக்கு, அதாவது பின்சக்கரத்துக்கு, பாரம் வேண்டும் என்பதற்காகத்தான். அவன் அதை ஒருநாளும் மறைத்ததில்லை. வானம் இருண்டால் படலைக்கு வெளியே நின்று ஹோன் அடிப்பான். "அக்கா, மழை வரப்போகுது, வெளிக்கிடு" என்பான். சாப்பிட்டாயா, குடை எடுத்தாயா என்று ஒரு வார்த்தை வராது. நானும் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுப் போய் ஏறுவேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. சண்டையில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, தர்மபுரத்தில் தம்பியின் காணியில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு நானும் என் ஒரே மகனும் இருந்தோம். வந்த முதல் மாரியிலேயே என் கணவரை மலேரியா கொண்டுபோய்விட்டது. தம்பி எங்களுக்கு முன்பே வன்னியில் குடியேறியவன். பழைய இங்கிலாந்துக் கார் ஒன்றை வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்கு, சாவீட்டுக்கு, கலியாணத்துக்கு என்று அந்தப் பக்கத்தில் எதற்கும் அந்தக் கார்தான். பெற்றோல் கிடையாது, மண்ணெண்ணெயில் ஓடும். மண்ணெண்ணெயில் அது தானாகப் பிடிக்காது. தம்பி ஒரு மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைக் கண்ணுக்குள் வைத்துப் பார்ப்பதுபோல் பார்த்து வைத்திருப்பான். அதில் சில துளி விட்டுத்தான் காரைப் பிடிக்க வைப்பான். பிடித்துவிட்டால் போய்ச் சேரும்வரை நிறுத்தமாட்டான்.

அந்தக் காரில் இயந்திரம் முன்னுக்கு இருக்கும், உந்துவது பின்சில்லு. பாரமெல்லாம் முன்னால், வேலையெல்லாம் பின்னால். எங்கள் குடும்பமும் அப்படித்தானே என்று தம்பியின் மனைவிக்குச் சொல்லிச் சிரிப்பேன். வெயில் காலத்தில் அதனால் ஒரு கரைச்சலும் இல்லை. மழை பெய்து களிமண் ஊறினால்தான் கூத்து. பின்சில்லு நின்ற இடத்திலேயே சுற்றும். சுற்றச் சுற்றத் தனக்குத் தானே கிடங்கு தோண்டும்.

புது ரயர் வன்னிக்குள் வர ஆமிக்காரர் விடமாட்டார்கள். இருந்த நாலில் இரண்டில்தான் கோடு மிச்சம் இருந்தது. மற்ற இரண்டும் மொட்டை. தம்பி கத்தியை நெருப்பில் காய்ச்சி அந்த மொட்டை ரயர்களில் தானே கோடு வெட்டியிருந்தான். ஆழமாக வெட்டினால் உள்ளே நூல் தெரிந்துவிடும். அதனால் பேருக்குத்தான் வெட்டு. ரயரில் நல்ல கோடு இருந்தால் தண்ணீரும் சேறும் அதற்குள்ளால் வெளியேறும், ரப்பர் தரையைப் பிடிக்கும். மொட்டை என்றால் எண்ணெய்ச் சட்டியில் விரல் வைத்ததுபோல் வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே மாரி தொடங்கியதும் கோடுள்ள இரண்டையும் பின்னுக்கு மாற்றிவிடுவான். காற்றைக் கொஞ்சம் இறக்குவான், ரயர் அகன்று சேற்றில் பரவி நிற்கும். டிக்கியில் இரண்டு சாக்கு மணல். அதற்கு மேல் சாக்குக் கிடைக்காது. ஊரில் இருந்த சாக்கெல்லாம் குண்டுக்குப் பதுங்கும் பங்கருக்குப் போய்விட்டது. மிச்சப் பாரத்துக்கு நான்.

நான் பருத்த உடம்புக்காரி. அந்த நாளில் வன்னியில் பருத்த ஆளைக் காண்பது அரிது. என்னைப் பார்த்தவர்கள் நிவாரண அரிசி முழுவதும் இவளுக்குத்தான் போகிறது என்று நினைத்திருப்பார்கள். அவர்கள் குடித்த கஞ்சியைத்தான் நானும் குடித்தேன். சிலருக்குக் கஞ்சியும் உடம்பில் ஒட்டும். சின்ன வயதிலிருந்தே என் உடம்பை வைத்துப் பகிடி பண்ணியவர்கள் ஏராளம். ஆனால் அந்தக் காரின் பின்சீற்றில் என் உடம்புக்கு ஒரு மரியாதை இருந்தது. போகப் போக, இருந்த இடத்திலிருந்தே சில்லு பிடிக்கிறதா, சும்மா சுற்றுகிறதா என்று எனக்குத் தெரியத் தொடங்கியது. தம்பி "வலப்பக்கம்" என்று கத்துவதற்கு முன்பே நான் வலப்பக்கம் அரக்கிவிடுவேன்.

கார்த்திகையில் என் மகனுக்குக் கலியாணம் வந்தது. மாரிக்குள் கலியாணம் வைப்பதா என்று நான் கேட்டேன்தான். மார்கழியில் செய்ய முடியாது, தை வரைக்கும் எது எப்படி இருக்குமோ யாருக்குத் தெரியும் என்றார்கள். அதுவும் சரிதான். பெண் வீடு விசுவமடுவுக்கு உள்ளே, குடியேற்றத் திட்டத்தில். வயல்காரக் குடும்பம். நல்ல மனிதர்கள்.

கலியாணத்தை முன்னின்று நடத்தியவர் என் கணவரின் தமையன். என் மகனுக்குப் பெரியப்பா. நானும் வீட்டில் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். அடுத்த ஒழுங்கையில்தான் இருந்தார். பெரிய குரல், பெரிய வயிறு, எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருப்பார். தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தானே தகப்பன் என்று ஓடி ஓடிச் செய்தார். அதில் குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும். ஆனால் கலியாணத்துக்கு முந்திய வாரமே என்னிடம் வந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு அந்தக் கதையைத் தொடங்கினார்.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ. மாப்பிள்ளை வெளிக்கிடேக்கை நீங்கள் முன்னுக்கு வராமல் குசினிக்குள்ள நில்லுங்கோ. முழிவியளம் பாக்கிற விசயம், முதல் ஆர் முகத்திலை முழிக்கிறது எண்டு. தாய் தகப்பன் இடத்திலை நானும் மனிசியும் நிக்கிறம். ஆக்களை ஏத்திக்கொண்டு முதல் மெசின் போகும். அது திரும்பி வரேக்கை நீங்கள் அதிலை வாங்கோ."

மெசின் என்பது உழவு இயந்திரம். பெட்டி பூட்டி ஆட்களை ஏற்றும். அது போய் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து என்னை ஏற்றிக்கொண்டு மறுபடி போவதற்குள் தாலி கட்டி, சாப்பாட்டுப் பந்தியும் தொடங்கிவிடும். அதை அவரும் அறிவார், நானும் அறிவேன்.

"நான் பெத்த பிள்ளைக்கு நான் கெடுதலோ அத்தான்?" என்று கேட்டேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு மட்டும் விருப்பமே? பெடியனுக்கு நாளைக்கு ஒண்டெண்டால் அண்டைக்கு ஆர் முன்னுக்கு நிண்டது எண்டுதான் சனம் கேக்கும்."

கணவரை இழந்தவள் மங்கலக் காரியத்தில் பின்னுக்கு நிற்க வேண்டும் என்பதை நானும் எத்தனையோ வீடுகளில் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவள்தானே. என் வீட்டுக்கு வரும்போதுதான் அதன் சூடு தெரிந்தது. அன்று முழுவதும் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தேன்.

பிறகு பெரியப்பா காரைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளைக் கார் பார்க்க எடுப்பாக இருக்க வேண்டும் என்றார். டிக்கியில் மணல் மூட்டை கிடப்பது அசிங்கம் என்று மணலைக் கொட்டிவித்தார். சாக்குகளைக் கழுவி வாசலில் கால் துடைக்கப் போட்டார்கள். கோடுள்ள நல்ல ரயர் இரண்டையும் முன்னுக்குப் போடச் சொன்னார். முன் ரயர் வெடித்தால் கார் புரண்டுவிடும், மாப்பிள்ளை இருக்கிற கார் என்றார். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ரயர்களுக்குக் காற்று இறுக அடிக்கச் சொன்னார், தொய்ந்து கிடந்தால் வாசலில் நிற்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று. முந்திய நாள் பின்னேரம் மகனின் கூட்டாளிமார் வந்து கரித்தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து நாலு ரயருக்கும் பூசினார்கள். பக்கத்தில் மட்டுமா, உற்சாகத்தில் சுற்றிவரப் பூசிவிட்டார்கள். மொட்டை ரயர் புதுச் சப்பாத்துப்போல் மினுங்கியது.

தம்பி வேலியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, வாயிலை கொழுக்கட்டையோ?" என்று கேட்டேன்.

"என்ன அக்கா செய்யிறது? பெரிய மனிசர். ஒருநாள்தானே. மழை பெய்யாட்டிப் பிரச்சினை இல்லை."

மழை பெய்தது. விடியும் முன்பே தொடங்கிவிட்டது. மகன் எழும்பி, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு வந்து, வழக்கம்போல் பலகைக் கட்டையில் குந்தித் தேத்தண்ணி குடித்தான். குடித்து முடித்தும் எழும்பவில்லை.

"அம்மா, நீங்கள் வராட்டி நானும் போகேல்லை."

"விசர்க்கதை கதையாதை. மெசின் திரும்பி வரும், அதிலை வாறன். நீ தாலி கட்டேக்கை நான் அங்கை நிப்பன்."

"சத்தியமா?"

"ஓம். எழும்பிப் போய்க் குளி."

எந்த நம்பிக்கையில் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பிள்ளை கலியாண நாளில் முகம் வாடி நிற்கக்கூடாது என்பதுதான் அப்போதைய எண்ணம். சொன்ன பிறகு அந்த வார்த்தை என் நெஞ்சில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

மெசின் பெட்டியில் மழைக்குப் படங்கைக் கட்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு முதலில் போனது. உடம்பில் பலமுள்ள ஆண்கள் எல்லோரும் அதில் போய்விட்டார்கள். பிறகு நல்ல நேரம் பார்த்து மாப்பிள்ளை வெளிக்கிட்டான். நான் குசினித் தட்டி இடுக்கால் பார்த்தேன். தலைப்பாகை, சரிகை வேட்டி, கழுத்தில் மாலை. பெரியப்பா, பெரியம்மா காலில் விழுந்து எழும்பினான். குசினிப் பக்கம் ஒருமுறை திரும்பினான். நான் தட்டிக்குப் பின்னால் இருந்தேன்; அவனுக்குத் தெரிந்திருக்காது.

காரின் பின்பக்கக் கண்ணாடி எப்போதோ உடைந்து பொலித்தீன் கட்டியிருந்தது. மழை அதற்குள்ளால் தூவும். மாப்பிள்ளை நனையக்கூடாது என்று அவனை முன்னுக்கு, தம்பிக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். பெரியவர் பின்னுக்கு இருக்க முடியுமா? பெரியப்பாவும் முன்னுக்கு ஏறினார். பின்னுக்குக் கூறைத்தட்டும் பலகாரத்தட்டும், அவற்றைப் பிடித்துக்கொண்டு கொடிபோல் மெலிந்த பெரியம்மாவும், மாப்பிள்ளையை அழைக்க வந்த தோழனும். தோழன் பெண்ணின் தமையன், அவனும் ஒரு ஈர்க்குச்சி. எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. முன்னுக்கு இருந்த பாரத்துக்கு மேலே பாரம் ஏற்றி, பின்சில்லைக் காற்றில் விட்டதுபோல் வைத்திருந்தார்கள். காரைக் கலியாணத்துக்கு ஆயத்தப்படுத்தியிருந்தார்கள், மழைக்கு அல்ல.

படலையிலேயே பின்பக்கம் ஒரு முழம் பக்கவாட்டில் இழுத்தது. தென்னையில் முட்டாமல் தம்பி வெட்டி எடுத்தான். கார் போய்விட்டது. நான் வெளியே வந்து குசினித் திண்ணையில் இருந்தேன். மெசின் வரும் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அது வரவில்லை. என் பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் என்னைத் தேடுவான் என்று நினைக்க எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. பெரியப்பா மேல், சனத்தின் மேல், சாஸ்திரம் எழுதியவன் மேல், சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போன என் மனிதன் மேலும்தான்.

அப்போதுதான் தோழன் ஓடி வந்தான். தலைப்பாகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தான்.

"மாமி, கார் பள்ளத்துக்கை இறுகிப்போச்சு. உங்களைக் கெதியா வரட்டாம்."

"ஆர் சொன்னது?"

"கார் ஓடுற மாமா. வேறை ஆள் சரிவராதாம், அக்காதான் வேணுமாம்."

எங்கள் ஒழுங்கை பெரிய றோட்டுக்கு ஏறும் முன்பு ஒரு பள்ளம் உண்டு. வாய்க்கால் நிரம்பினால் அதில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அடி முழுவதும் களி. நான் சேலையை உயர்த்திச் செருகிக்கொண்டு நடந்தேன். அந்தப் பெடியனுக்கு எங்கள் வீட்டு வழக்கு எதுவும் தெரியாது. வழி முழுக்க, "கவனம் மாமி, வழுக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

கார் பள்ளத்தின் அங்காலை ஏற்றத்தில், மூக்கை உயர்த்திக்கொண்டு நின்றது. மண்ணெண்ணெய்ப் புகை ஊரெல்லாம். இயந்திரத்தை நிறுத்தினால் பிறகு பிடிக்க வைக்கப் போத்தலில் இருக்கிற பெற்றோல் போய்விடும். திரும்பி வருவதற்கு இருக்காது. அதனால் தம்பி ஒரு காலை உள்ளே வைத்து, உடம்பை வெளியே தொங்கவிட்டுப் பின்சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரயர் மாற்றுவோம் என்று தோழன் சொன்னானாம். ஜக்கை வைத்தால் ஜக்தான் சேற்றுக்குள் போனது. தம்பி பெரியப்பாவைப் பின்னுக்கு ஏற்றிப் பார்த்தானாம். சில்லு கொஞ்சம் பிடித்ததாம், ஆனால் மாப்பிள்ளை சேற்றில் இறங்கக்கூடாது, தள்ளுவதற்குத் தோழன் ஒருவன்தான். பெரியப்பா இறங்கித் தள்ளினால் பின்னுக்குப் பாரம் இல்லை; ஏறி இருந்தால் தள்ள ஆள் இல்லை. அதுதான் சிக்கல்.

தம்பி ஏற்கனவே பின் ரயர்களில் காற்றை இறக்கிவிட்டான். சில்லுக்கு முன்னால் காவோலை இழுத்துப் போட்டிருந்தான். என்னைக் கண்டதும் பெரியப்பாவைப் பார்க்காமல் சொன்னான்.

"அக்கா, நீ ஏறு. இடப்பக்கச் சில்லுக்கு நேரை இரு. மாப்பிள்ளையும் பின்னுக்கு வரட்டும். பெரியம்மா முன்னுக்குப் போங்கோ, தட்டையும் கொண்டு. மற்ற ரெண்டு பேரும் தள்ளுங்கோ."

பெரியப்பா ஒரு கணம் நின்றார். என்னைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. பிறகு பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குப் பின்னால் போனார்.

என் மகன் என் பக்கத்தில் வந்து இருந்தான். பொலித்தீனுக்குள்ளால் தூவானம் அடித்தது. அவன் தலைப்பாகை நனையக்கூடாது என்று என் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்தேன். அவன் என் கையை இறுக்கிப் பிடித்தான். நான் சில்லுக்கு மேலே என் உடம்பை முழுவதுமாக விட்டு, சீற்றில் அமிழ்ந்து இருந்தேன். தம்பி மெல்ல அக்சிலேற்றரை மிதித்தான். மண்ணெண்ணெய்க் கார் விக்கி விக்கித்தான் இழுக்கும். அந்த விக்கலில் சில்லு ஒருமுறை சுற்றியது, இரண்டாம் முறை சுற்றியது, பிறகு காவோலையைக் கடித்தது. எனக்கு அது அடியில் தெரிந்தது.

"பிடிக்குது, விடாதை" என்று கத்தினேன். "அத்தான், தள்ளுங்கோ!"

அப்படி நான் அவருக்கு உத்தரவு போட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். சந்தோஷமாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? கார் ஏறிவிட்டது. ஆனால் ஏறிய இடத்தில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் மறுபடி அமிழும். கிரவல் றோட்டில் கெட்டித் தரை வரும்வரை தம்பி ஓட்டிக்கொண்டே போனான். பெரியப்பாவும் தோழனும் பின்னால் ஓடிவந்து ஏறினார்கள். பெரியப்பா நெஞ்சுவரை சேறு. இந்தக் கோலத்தில் மாப்பிள்ளைக்குத் தகப்பன் இடத்தில் எப்படி நிற்பது என்று பெரியம்மா மெல்ல முணுமுணுத்தார்.

பெண் வீடு வாய்க்கால் கட்டுக்கு மேலே. வாசலுக்கு ஒரு சரிவில் ஏற வேண்டும். தம்பி சரிவில் காரை நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்தான். பந்தலிலிருந்து ஆரத்தித் தட்டோடு பெண்கள் வருவது தெரிந்தது. பெரியப்பா திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, நீங்கள் கொஞ்சம் பொறுத்து இறங்குங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் தம்பி சொன்னான்: "அவா இப்ப இறங்க ஏலாது. கைப்பிரேக் பிடிக்கிறது பின்சில்லிலைதான். மொட்டை ரயர். அவா இறங்கினா கார் பின்னுக்கு வழுக்கும்."

அப்போது எனக்குப் பெரியப்பாவைவிடத் தம்பி மேல்தான் கோபம் வந்தது. மணல் மூட்டையை வைத்துவிட்டுப் போவதுபோல் என்னை வைத்துவிட்டுப் போகப் போகிறார்கள். மகன் இறங்காமல் இருந்தான். "போ, நேரம் போகுது" என்று தள்ளிவிட்டேன். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான். தம்பியும் எங்கேயோ இறங்கிப் போய்விட்டான். காருக்குள் நான் தனியே. கூரையில் மழை கொட்டியது. உள்ளே மேளம் தொடங்கிவிட்டது. இவ்வளவு தூரம் வந்து, பந்தலைக் கண்ணால் கண்டுகொண்டு, ஒரு காரைப் பிடித்துவைக்க இருக்கிறேனே என்று அழுதேன். கோபத்தில் வருகிற அழுகைக்குச் சத்தம் அதிகம். மழை இருந்தபடியால் யாருக்கும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தம்பி திரும்பி வந்தான். அந்தக் களிமண் ஊரில் சில்லுக்கு முட்டுக் கொடுக்க ஒரு கல் கிடைக்கவில்லை. பெண் வீட்டுப் பின்கோடிக்குள் கிடந்த பழைய உரல் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்திருந்தான். அதைப் பின்சில்லோடு இறுக்கி, காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, என் பக்கத்துக் கதவைத் திறந்தான். முகமெல்லாம் தண்ணீர்.

"இறங்கு அக்கா. இனி உரல் பாத்துக்கொள்ளும்."

நான் சேலையைக்கூடச் சரிசெய்யவில்லை. பந்தலுக்குள் போனபோது தாலி கட்டும் நேரம், எல்லோரும் எழும்பி நின்றார்கள். கூட்டத்துக்கு மேலால் ஒன்றும் தெரியவில்லை. என் உடம்பு அன்றைக்கு இரண்டாம் தரமும் உதவியது. இடித்துக்கொண்டு முன்னுக்குப் போனேன். பெண்ணின் தாய் என்னைக் கண்டு ஒரு அடி விலகி இடம் விட்டார். யாரோ கொடுத்த வேட்டியில், சேறு காயாத தலையோடு பெரியப்பா நின்றார். என் பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டு ஒருமுறை நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான். என்னைக் கண்டான். பிறகு குனிந்து கட்டினான். நான் சொன்ன சொல் பொய்யாகவில்லை.

பின்னேரம் மாப்பிள்ளையும் பெண்ணும் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். மழை இன்னும் விடவில்லை. பெரியப்பா தானாகவே என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, நீங்கள் காரிலை ஏறுங்கோ. நாங்கள் மெசினிலை வாறம்."

மனம் மாறிச் சொன்னாரா, மறுபடி தள்ள நேருமோ என்ற பயத்தில் சொன்னாரா என்று நான் ஆராயவில்லை. இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். அவர் மெசினில் ஏறும்போதும், அக்கா காரில் வராவிட்டால் கார் ஏறாது என்று தம்பி அழுத்திச் சொன்னான். பெண் பின்னுக்கு என் பக்கத்தில் இருந்தாள். கூறைச் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, எனக்கு இடம் விட வேண்டும் என்று கதவோடு ஒட்டிப்போய் இருந்தாள். மகன் முன்னுக்கு.

பள்ளம் வந்தது. காலையைவிடத் தண்ணீர் கூட. தம்பி "எல்லாரும் அசையாமல் இருங்கோ" என்றான். நான் வழக்கம்போல் சில்லுக்கு நேரே அரக்கினேன். பெண் என்னைப் பார்த்தாள். "நானும் அதிலை இருக்கவோ மாமி?" என்று கேட்டுவிட்டு, என்னோடு நெருங்கி வந்து இருந்தாள். ஒரு கோழிக்குஞ்சுப் பாரம்கூட அவளிடம் இல்லை. நான் சிரித்துவிட்டேன்.

கார் தண்ணீருக்குள் இறங்கியது. சில்லு ஒருமுறைகூடச் சும்மா சுற்றவில்லை. கல்லில் கால் வைத்து ஏறுவதுபோல் பிடித்துப் பிடித்து ஏறியது. எனக்கு அடியில் அது தெரிந்தது. மொட்டை ரயர் அப்படிப் பிடிக்காது. சாப்பாட்டுப் பந்தி நடந்த நேரத்தில் தம்பி ஜக்குக்குக் கீழே பலகை வைத்தோ எப்படியோ ரயர்களை மாற்றிவிட்டான். கோடுள்ள இரண்டும் பின்னுக்கு, காற்றும் அளவாக இறக்கி. நான் இல்லாவிட்டாலும் அந்தக் கார் பள்ளத்தைத் தாண்டியிருக்கும். பெரியப்பா மெசினில் ஏறும்போது, அக்கா காரில் வராவிட்டால் கார் ஏறாது என்று அவன் அவ்வளவு அழுத்திச் சொன்னது எதற்காக என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. முன்கண்ணாடியில் அவன் கண்ணைத் தேடினேன். அவன் றோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டு வாசலில் தம்பியின் மனைவியும் அயல் பெண்களும் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். நான் காரை விட்டு இறங்கிப் பின்பக்கமாகக் குசினிக்குப் போகத்தான் திரும்பினேன். பழக்கம். ஆனால் பெண் இறங்கும்போது என் கையைப் பிடித்தவள், இறங்கிய பிறகும் விடவில்லை. முற்றம் முழுவதும் சேறு. வழுக்கிவிடும் என்று பிடித்தாளோ, வேறு எதற்காகவோ, இன்றுவரை நான் அவளைக் கேட்கவில்லை. ஒரு பக்கம் என் மகன், ஒரு பக்கம் நான், நடுவில் அவள். தட்டோடு நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு தம்பியின் மனைவி தட்டை உயர்த்தி, எங்கள் மூன்று பேரையும் சேர்த்துச் சுற்றினாள்.